சின்ன பெட்ரோல் எஞ்சின்: எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, அதற்கு என்ன வேலை? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தண்ணீர் இறைக்கும் பம்ப், களை எடுக்கும் பவர் வீடர், விசேஷ வீடுகளுக்குப் போகும் ஜெனரேட்டர் ஆகியவற்றில் இருக்கும் சின்ன பெட்ரோல் எஞ்சின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பட்டறைக்கு வருகிறவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். பதில் சொல்லும்போது "அந்தக் கறுப்பு டப்பா", "பக்கத்தில் ஆடுகிற கம்பி" என்று இருவரும் கையைக் காட்டிக்காட்டிப் பேச வேண்டியிருக்கிறது. பாகத்தின் பெயரும் வேலையும் தெரிந்திருந்தால் பாதிக் கோளாறுகளை எஞ்சினுக்குச் சொந்தக்காரரே கண்டுபிடித்துவிடுவார். தேவையில்லாத பாகத்தை அவர் தலையில் யாரும் கட்டவும் முடியாது. அதற்காகவே இதைத் தொகுத்தேன்.

இங்கே வரும் அளவுகள் ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்கு உரியவை. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், காற்றால் குளிரும் எஞ்சின் அது. பல நிறுவனங்களின் எஞ்சின்கள் இதே அமைப்பில்தான் வருகின்றன. உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

1. என் பம்பில் எது எஞ்சின், எது பம்ப் என்றே தெரியவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

இழுக்கும் கயிறு இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் எஞ்சினின் ஷாஃப்ட் வெளியே வருகிறது. பம்ப், கியர் பெட்டி, டைனமோ எதுவானாலும் அந்த முனையில்தான் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். கயிற்றுக்கும் அந்த முனைக்கும் நடுவில் இருப்பது எஞ்சின்.

மேலே இருப்பது பெட்ரோல் டேங்க். அதன் கீழே ஒரு பக்கமாக பிளாஸ்டிக் டப்பா போல இருப்பது ஏர் ஃபில்ட்டர், அதை ஒட்டி உள்ளே மறைந்திருப்பது கார்புரேட்டர். துளைகள் போட்ட தகரக் கவசத்துக்குள் இருப்பது சைலன்சர். பக்கவாட்டில் சாய்ந்து, தகடு தகடாக வரிகள் கொண்டிருப்பது சிலிண்டர், அதன் நுனியில் ஹெட். அடியில் பெட்டி போல இருப்பது கிராங்க் கேஸ். ஆயில் அதற்குள்தான் நிற்கிறது.

2. "நான்கு ஸ்ட்ரோக்" என்கிறார்களே, அந்த நான்கும் எவை?

பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ போவது ஒரு ஸ்ட்ரோக். முதலில் பிஸ்டன் கீழே இறங்கி, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. இரண்டாவதாக மேலே ஏறி அதை அழுத்துகிறது. தீப்பொறி விழுந்து கலவை எரிந்ததும் மூன்றாவதாகக் கீழே தள்ளப்படுகிறது. நான்காவதாக மீண்டும் ஏறிப் புகையை வெளியே தள்ளுகிறது. ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ 1876-ல் ஓட்டிக் காட்டிய முறை இது. இன்றும் மாறவில்லை.

நான்கில் ஒன்று மட்டுமே வேலை தருகிறது. மற்ற மூன்றையும் ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரத்தின் வேகம் இழுத்துக்கொண்டு போகிறது. நான்கு ஸ்ட்ரோக்குக்கு ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும். ஆகவே நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடும் எஞ்சினுக்குள் ஒரு நொடியில் 30 முறை கலவை எரிகிறது.

3. பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க்: மூன்றுக்கும் என்ன உறவு?

சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக மிதிக்கிற தொடை பிஸ்டன், முழங்காலுக்குக் கீழே உள்ள கால் கனெக்டிங் ராட், பெடல் கட்டை கிராங்க். நேராகப் போய் வரும் அசைவு வட்டமாக மாறுவது இப்படித்தான். ஜிஎக்ஸ்160-ல் சிலிண்டரின் விட்டம் 68 மி.மீ., பிஸ்டன் போய் வரும் தூரம் 45 மி.மீ. இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் 163 சி.சி. வரும். எஞ்சின் மேல் எழுதியிருக்கும் சி.சி. என்பது பிஸ்டன் இடம்பெயரும் அந்தக் கொள்ளளவுதான்.

பிஸ்டனைச் சுற்றி மூன்று ரிங்குகள் இருக்கும். மேல் இரண்டும் அழுத்தம் கீழே இறங்காமல் தடுப்பவை. மூன்றாவது, சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலை வழித்து இறக்குவது. அது தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரிந்து நீலப் புகையாக வரும்.

கனெக்டிங் ராடின் அடி முனையில் நாக்கு போல ஒரு நீட்டம் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்துக் காட்டும்போது பலரும் அது உடைந்துபோன துண்டு என்று நினைப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது ஆயிலுக்குள் முங்கி, அகப்பை போல வாரி உள்ளே எல்லாப் பக்கமும் தெளிக்கிறது. இந்த வகை எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. அந்த நாக்குதான் உயவு.

4. வால்வு இரண்டு இருக்கிறதே, எது எதற்கு?

கார்புரேட்டர் பக்கம் இருப்பது கலவையை உள்ளே விடுவது. சைலன்சர் பக்கம் இருப்பது புகையை வெளியே விடுவது. கிராங்க் கேஸுக்குள் இருக்கும் கேம் ஷாஃப்ட் இரண்டு நீளக் கம்பிகளைத் தள்ளுகிறது. அவை ஹெட்டில் உள்ள ராக்கர்களை (ஏற்றப்பலகை போல ஆடும் சின்ன நெம்புகோல்கள்) தட்ட, வால்வுகள் திறக்கின்றன. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். அதனால் கேம் கியரில் இரு மடங்கு பற்கள் இருக்கும். இரண்டு கியர்களிலும் புள்ளிக் குறி இருக்கிறது. மாட்டும்போது குறிகள் நேராகச் சேராவிட்டால் எஞ்சின் ஓடாது.

ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளி வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது உள்வால்வுக்கு 0.15 மி.மீ., வெளிவால்வுக்கு 0.20 மி.மீ. சூட்டில் உலோகம் நீள்வதால் இந்த இடம் விடுகிறோம். வெளிவால்வு கூடுதல் சூட்டைத் தாங்குகிறது, ஆகவே அதற்குக் கூடுதல் இடம்.

5. கயிறு இழுக்கிற வட்ட மூடிக்குள் என்ன இருக்கிறது? கழற்றலாமா?

மூடியோடு சேர்ந்து வருவது ஸ்டார்ட்டர்: கயிறு சுற்றிய கப்பி, அதைத் திரும்ப இழுக்கும் சுருள்வில், எஞ்சினைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள். மூடியைக் கழற்றலாம். கப்பியை மட்டும் பிரிக்காதீர்கள். அந்தச் சுருள்வில் விடுபட்டால் கண்ணைக் கிழித்துவிடும்.

மூடியை எடுத்ததும் தெரியும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். அதற்கு மூன்று வேலைகள். சுழற்சியைச் சீராக வைப்பது ஒன்று. அதன் இறக்கைகள் விசிறியாகி சிலிண்டர் வரிகள் மேல் காற்றை அடிப்பது இன்னொன்று. விளிம்பில் பதித்த காந்தத்தால் தீப்பொறிக்கு மின்சாரம் உண்டாக்குவது மூன்றாவது. நெல் தூற்றிய களத்துப் பக்கம் ஓடிய எஞ்சினைத் திறந்தால் வரிகளுக்கு நடுவே பதரும் வைக்கோல் தூசும் மெத்தை போல அடைந்திருக்கும். அப்படி அடைந்தால் காற்று போக வழியில்லை, எஞ்சின் வெந்துவிடும். ஒரு பழைய பிரஷ்ஷால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. தயவுசெய்து அறுவடை முடிந்ததும் செய்துவிடுங்கள்.

ஃப்ளைவீலின் நடுவில், ஷாஃப்ட்டோடு அதைப் பூட்டும் பிறை வடிவத் துண்டு ஒன்று உண்டு. அதற்கு "கீ" என்று பெயர். 16-வது கேள்வியில் அது மீண்டும் வரும்.

6. பேட்டரியே இல்லையே, பிளக்குக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

ஃப்ளைவீல் பக்கத்தில் காயில் என்னும் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. காந்தம் அதைக் கடக்கும் நொடியில் காயிலில் மின்சாரம் பிறந்து, பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து, பிளக் ஒயர் வழியாக ஸ்பார்க் பிளக்குக்குப் போகிறது. பிளக் நுனியில் 0.7 முதல் 0.8 மி.மீ. இடைவெளி. அதைத் தாண்டும்போது பொறி. காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் கடப்பதால் பொறியும் ஒவ்வொரு சுற்றிலும் விழுகிறது. புகை வெளியேறும் சுற்றில் விழுவது வீண், ஆனால் அதனால் கெடுதல் இல்லை.

இங்கே பலருக்கும் புரியாத ஒன்று: சுவிட்ச் மின்சாரம் கொடுப்பதற்காக இல்லை. காயிலை எஞ்சின் உடம்போடு சேர்த்துப் பொறியைக் கொல்வதே அதன் வேலை. ஆகவே சுவிட்ச் ஒயரின் தோல் உரிந்து எங்காவது இரும்பில் பட்டால், சுவிட்ச் போட்டிருந்தாலும் பொறி வராது. கொட்டகையில் வைத்த எஞ்சினில் எலி கடித்த ஒயரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காயிலை மாற்றும் முன் அந்த ஒயரைக் கழற்றி விட்டுச் சோதியுங்கள். கழற்றியதும் எஞ்சின் ஓடினால் காயில் நன்றாகவே இருக்கிறது. பிறகு அணைக்க, சோக்கை (காற்று வழியை மூடும் தகடு) மூடுங்கள்.

7. கார்புரேட்டருக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? எல்லோரும் அதையே குறை சொல்கிறார்களே!

அடியில் கிண்ணம் போல ஒன்று தொங்குகிறதே, அதுதான் மிதவைக் கிண்ணம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதல்லவா, அதே ஏற்பாடு இங்கும் இருக்கிறது. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை உயர்ந்து, ஊசி ஒன்றைத் தள்ளி வழியை அடைக்கிறது. ஊசி தேய்ந்தாலோ அதன் நுனியில் தூசி சிக்கினாலோ பெட்ரோல் வழியத் தொடங்கும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் கார்புரேட்டர்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஊசியை.

கிண்ணத்துக்கு மேலே காற்று போகும் பாதை நடுவில் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சலில் கீழே இருக்கும் பெட்ரோல், ஜெட் (நுண்ணிய துளை போட்ட பித்தளைத் துண்டு) வழியாக மேலே ஏறிப் புகை போலத் தெறித்துக் காற்றோடு கலக்கிறது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறக்குறைய 15 பங்கு, எடைக் கணக்கில். வேகமாக ஓட மெயின் ஜெட், மெதுவாக ஓட பைலட் ஜெட் என்று இரண்டு வழிகள். மெயின் ஜெட்டின் துளை 1 மி.மீ. கூட இருக்காது. பைலட் ஜெட் அதைவிடச் சிறியது. பழைய பெட்ரோல் வற்றிப் பிசினாகும்போது முதலில் அடைவது பைலட் ஜெட்தான். "சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது" என்றால் பெரும்பாலும் ஜெட் அடைப்பு.

ஜெட்டை ஊசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். பிறகு எஞ்சின் பெட்ரோலைக் குடித்துக் கறுப்புப் புகை விடும். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினால் போதும்.

8. சோக்கை எப்போது போடுவது, எப்போது எடுப்பது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போட வேண்டும், சூடு பிடித்ததும் எடுத்துவிட வேண்டும். சோக் காற்று வழியை மூடும் தகடு. அதனால் கலவையில் பெட்ரோல் கூடுகிறது. ஓடி நிறுத்திய எஞ்சினைத் திரும்ப எடுக்கும்போது சோக் போட்டால் பிளக் நனைந்துவிடும்.

9. ஏர் ஃபில்ட்டரைக் கழற்றினால் எஞ்சின் நன்றாக இழுக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

கூடாது. ஃபில்ட்டர் அடைந்திருக்கிறது என்பதைத்தான் எஞ்சின் சொல்கிறது. ஃபில்ட்டர் இல்லாமல் வயலில் ஓடினால் மண் உள்ளே போய், 3-வது பதிலில் சொன்ன ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஒரே பருவத்தில் அழுத்தம் போன எஞ்சின்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றின் ஃபில்ட்டர் டப்பா காலியாகவே இருந்தது.

ஸ்பாஞ்சு வகையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள். காகித வகையைத் தட்டித் தூசியை உதிர்த்தால் போதும். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்பது கையேட்டுக் கணக்கு. புழுதியில் ஓடினால் இன்னும் சீக்கிரம் செய்ய வேண்டும்.

10. ஆயில் எவ்வளவு ஊற்றுவது? குச்சியைத் திருகி அளப்பதா, சும்மா விட்டு அளப்பதா?

இந்த எஞ்சினுக்கு ஏறக்குறைய 600 மி.லி. எஞ்சினைச் சமதளத்தில் வைத்து, அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். புதுப் பாகங்கள் உரசி உதிர்க்கும் உலோகத் தூள் அதில் இருக்கும். அதன் பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அது.

கூடினாலும் கெடுதல்தான். அளவுக்கு மேல் ஊற்றினால் ஆயில் நுரைத்து, மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்ட்டர் டப்பாவுக்கு ஏறிவிடும். எஞ்சினைத் தவறான பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தாலும் இதே கதை. பவர் வீடரில் கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

11. வரப்போரம் சாய்வாக வைத்தால் தானாக நின்றுவிடுகிறது. எஞ்சின் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பல எஞ்சின்களில் கிராங்க் கேஸுக்குள் ஆயில் மட்டம் பார்க்கும் உணரி இருக்கும். மட்டம் இறங்கினால் அது காயிலை உடம்போடு சேர்த்துவிடும், 6-வது பதிலில் சுவிட்ச் செய்கிற அதே வேலை. சாய்வில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குவதாலும் இது நடக்கும். எஞ்சினை மட்டமாக வைத்து ஆயிலை அளந்து பாருங்கள். உணரியின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

12. கார்புரேட்டர் பக்கம் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று கம்பியோடு ஆடுகிறது. அதை எடுத்துவிட்டால் வேகம் கூடுமாமே?

அந்த ஸ்பிரிங் கவர்னருடையது. கிராங்க் கேஸுக்குள் எடைக்கட்டிகள் கொண்ட ஒரு கியர் சுழல்கிறது. வேகம் கூடினால் கட்டிகள் விரிந்து, கம்பி வழியாக த்ராட்டிலை (கார்புரேட்டரில் கலவை போகும் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடு) மூடுகின்றன. ஸ்பிரிங் திறக்கப் பார்க்கிறது. இந்த இருவருக்கும் நடக்கும் இழுபறியில்தான் வேகம் நிலைக்கிறது. வீடரின் கத்தி கெட்டி மண்ணில் இறங்கும்போது எஞ்சின் தானாகக் குரலை உயர்த்திக்கொள்கிறதே, அது கவர்னர் செய்வது.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தால் வேகத்துக்கு எல்லையே இல்லாமல் போகும். கனெக்டிங் ராட் முறிந்து கிராங்க் கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த எஞ்சினை நேரில் பார்த்திருக்கிறேன். கை நுழைகிற அளவு ஓட்டை. பக்கத்தில் ஆள் நிற்காதது அன்றைக்கு நல்ல காலம். ஜெனரேட்டரானால் வோல்ட்டேஜும் ஏறி வீட்டில் இருக்கும் பொருட்களை எரித்துவிடும். கவர்னரை யாரும் தொட வேண்டாம்.

13. சைலன்சர் சத்தத்தைக் குறைக்க மட்டும்தானா?

சத்தத்தையும் குறைக்கிறது, சூடான புகையையும் ஆளை விட்டுத் திருப்பி விடுகிறது. அந்தப் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, ஆளைக் கொல்லும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ ஓட்டவே கூடாது.

14. புல் வெட்டும் இயந்திரத்திலும் இதே பாகங்கள்தானா?

தோளில் மாட்டும் புல் வெட்டிகள் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக். அவற்றில் வால்வு, ராக்கர், கேம் ஷாஃப்ட் எதுவும் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மறைத்தும் திறந்தும் அந்த வேலையைச் செய்கிறது. ஆயில் நிற்க இடமும் இல்லை. பெட்ரோலில் 2டி ஆயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும், எத்தனைக்கு எத்தனை என்பது கையேட்டில் இருக்கும். வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் பலவற்றில் மிதவைக்குப் பதிலாக ரப்பர் சவ்வு இருக்கும். தொடங்கும் முன் விரலால் அமுக்கும் குமிழ் அதற்குப் பெட்ரோல் ஊட்டுவது.

டீசல் எஞ்சினில் பிளக்கும் கார்புரேட்டரும் இல்லை. காற்றை மட்டும் கடுமையாக அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள்.

15. ஐந்து நிமிடம் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. டேங்க் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது. ஏன்?

விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். டேங்க் மூடியில் காற்று புக ஒரு சின்னத் துளை இருக்கிறது. அது அடைந்தால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது நின்றுபோகும். வேலை ஓய்ந்த மாதங்களில் குளவி இந்தத் துளையில் மண் பூசிவிடும். சைலன்சர் வாயிலும் கூடு கட்டும். ஊசி முனையால் மண்ணை எடுத்து மூடியை ஊதிப் பாருங்கள்.

16. கயிற்றை இழுக்கும்போது எஞ்சின் கையைப் பின்னுக்கு வெட்டி இழுக்கிறது. கார்புரேட்டரைத் திறந்தும் சரியாகவில்லை. என்ன காரணம்?

5-வது பதிலில் சொன்ன கீயைப் பாருங்கள். ஓர் அம்மா பவர் வீடர் கொண்டு வந்திருந்தார். வலது மணிக்கட்டில் வீக்கம். எஞ்சின் முதல் நாள் வரை நன்றாக ஓடியதாகச் சொன்னார். "கடைசியாக என்ன நடந்தது?" என்று கேட்டேன். தென்னை வேரில் கத்தி மாட்டிச் சட்டென்று நின்றதாம். ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்தால் கீ முழுதாக உடையவில்லை, நடுவில் படிக்கட்டு போல ஒரு மி.மீ. அளவுக்கு நகர்ந்திருந்தது.

கத்தி மாட்டியதும் கிராங்க் நின்றுவிட்டது. கனமான ஃப்ளைவீல் நிற்காமல் கொஞ்சம் முன்னே நகர்ந்துவிட்டது. காந்தமும் அதோடு நகர்ந்ததால், காயிலை அது முந்திக் கடக்கிறது. பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் முன்பே பொறி விழுந்து, பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கையை வெட்டியது அந்த விசை. புதுக் கீ போட்டதும் இரண்டாவது இழுப்பில் ஓடியது. கீக்குப் பதில் ஆணித் துண்டு வைக்காதீர்கள். அடுத்த முறை அடி ஷாஃப்ட்டின் மேல் விழும்.

17. பொறி வருகிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் ஓடவில்லை. இனி என்ன பார்ப்பது?

முதலில் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். பலமுறை இழுத்த பிறகும் வறண்டிருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்குள் போகவில்லை, 7-வது பதிலுக்குத் திரும்புங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது, துடைத்து உலர்த்தி, சோக் இல்லாமல் இழுங்கள். பொறியைச் சோதிக்கும்போது பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துச் சோதியுங்கள். துளையிலிருந்து வரும் ஆவி தீப்பிடிக்கும்.

அடுத்தது அழுத்தம். கயிறு வழக்கத்தைவிட லேசாக வந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் இழுங்கள். கயிறு கனத்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டது. மாற்றம் இல்லாவிட்டால் கசிவு வால்விலோ ஹெட் பேக்கிங்கிலோ (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் தகடு) இருக்கிறது. 4-வது பதிலில் சொன்ன இடைவெளியை அளந்து பாருங்கள். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து அமுங்க அமுங்க அந்த இடைவெளி குறைந்து, ஒரு நாள் வால்வு முழுதாக மூடாமல் போகும். பல நேரங்களில் செலவே இல்லாமல், அளவை மட்டும் திருத்தினால் எஞ்சின் உயிர் பெறுகிறது. இதுவும் சரியென்றால் கீயைப் பாருங்கள்.

18. வேலை முடிந்து நான்கைந்து மாதம் சும்மா வைக்கிறேன். எந்தெந்தப் பாகத்தைக் கவனிக்க வேண்டும்?

டேங்கையும் மிதவைக் கிண்ணத்தையும் காலி செய்வதே முதல் வேலை. கிண்ணத்தின் அடியில் இருக்கும் சின்ன போல்ட்டைத் தளர்த்தினால் பெட்ரோல் இறங்கிவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். 2025-ல் அந்தக் கலப்பு 20 விழுக்காட்டைத் தொட்டது. சின்ன எஞ்சின்களின் கையேடுகள் பலவும் 10 விழுக்காடு வரைதான் ஒப்புக்கொள்கின்றன. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க அது கிண்ணத்தில் நின்றால் அடியில் தண்ணீர் தேங்கி, வெள்ளைப் பொடி பூத்து, ஜெட் அடைந்துவிடும்.

பிறகு பிளக்கைக் கழற்றித் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். கடைசியாகக் கயிற்றை மெதுவாக இழுத்து, கை கனக்கிற இடத்தில் நிறுத்தி விடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக் காற்று சிலிண்டருக்குள் போகாது.